தெரிதல், வலி, காலம், இடம்: மந்த காலத்தில் வீடு வாங்குதல் பற்றிய ஒரு குறள்நெறி ஆய்வு

முன்னுரை



வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழும் முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகள் என வரலாறு போற்றும். அவ்வேழனுள் வடகோடியில் அமைந்த வேம்பார், இன்று தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் வட்டத்தில் அடங்கியது. கடலும், பனையும், உப்பும் வாழ்வளிக்கும் ஊர் அது. கொற்கை முத்தைச் சங்கப் புலவர் பாடிய காலம் தொட்டு இக்கடற்கரையின் வருவாய் ஒரே சீராக இருந்ததில்லை. பாரில் சிப்பி விளைந்த ஆண்டில் பொன் குவியும். விளையாத ஆண்டில் வறுமை சூழும். 1860-களின் தொடக்கத்தில் நடந்த சலாபத்திற்குப் பின், தூத்துக்குடிப் பகுதியில் 1889-இல்தான் மீண்டும் சலாபம் கூடியது. இறுதியாக 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு அத்தொழில் நின்றுபோயிற்று.

இத்தகைய கரையில் ஒரு குடும்பம் வீடு வாங்க எண்ணும்போது எழும் வினா பிற ஊர்களில் எழும் வினாவினும் கூர்மையானது. தொழில் மந்தமுற்ற காலத்தில் வீட்டின் விலை இறங்குகிறது. ‘இப்போது வாங்கினால் ஆதாயம்’ என்று அயலார் கூறுகின்றனர். ஆனால் விலையை இறக்கிய அதே மந்தம், வாங்க முனைவோரின் வருவாயையும் இறக்கியிருக்கிறதே! இம்முரணை எங்ஙனம் தீர்ப்பது?

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை 47 முதல் 50 வரை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அவை அரசனின் போர்வினைக்குக் கூறப்பட்டவை என்பர் உரையாசிரியர். ஆயினும் ஓர் எளிய குடும்பத் தலைவனின் வாழ்வில் வீடு வாங்குவதினும் பெரிய படையெடுப்பு வேறில்லை. ஆகவே அந்நான்கு அதிகாரங்களையும் அளவுகோலாகக் கொண்டு, மந்த காலத்தில் வீடு வாங்குதல் என்னும் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தெரிந்து செயல்வகை

ஒரு வினையால் அழிவது யாது, ஆவது யாது, ஆகியபின் தொடர்ந்து வரும் ஊதியம் யாது என மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது இவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்து. வீடு வாங்குவோர் பெரும்பாலும் ‘ஆவதை’ மட்டுமே எண்ணுகின்றனர். சதுர அடி விலை குறைந்தது என்பது ஆவது. அழிவது யாது?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 15 இலட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு வீடு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 9 விழுக்காடு, அதாவது 1,35,000 ரூபாய். வீட்டை வாங்கிய மறுநாளே விற்க நேர்ந்தால் இத்தொகை திரும்பாது. விலை குறைவு என்று எண்ணி வாங்குவோர், குறைந்த அவ்விலை 9 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்ததா என்று முதலில் நோக்குதல் வேண்டும்.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. பதிவுத்துறை ஒவ்வொரு தெருவுக்கும் புல எண்ணுக்கும் வழிகாட்டி மதிப்பு வைத்துள்ளது. மந்த காலத்தில் சந்தை விலை அம்மதிப்பிற்கும் கீழே இறங்கலாம். அப்போதும் தீர்வை வழிகாட்டி மதிப்பின் மேலேயே கேட்கப்படும். மதிப்பு மிகை என்று கருதுவோர் இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவின்படி முறையிடலாம். ஆனால் அதற்குக் காலமும் அலைச்சலும் ஆகும். இச்செலவையும் ‘அழிவது’ என்னும் பக்கத்தில் எழுத வேண்டும்.

பின்வரும் ஊதியத்தை எண்ணி, கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்றும் இவ்வதிகாரம் கூறுகிறது. குடியிருப்பதற்காக வாங்கும் வீட்டையும், விலையேறினால் விற்பதற்காக வாங்கும் வீட்டையும் பிரித்து நோக்க இக்கருத்து துணைசெய்யும். குடியிருக்கும் வீட்டில் ஒவ்வொரு திங்களும் வாடகை மிச்சமாகிறது. விலை ஏறாவிட்டாலும் வீடு வீடாகவே பயன் தருகிறது. விற்பதற்காக வாங்கிய வீட்டுக்கு விலையேற்றம் ஒன்றே பயன். வேம்பார் போன்ற சிற்றூரில் வாங்க ஆளில்லாததால்தான் விலை இறங்கியது. நமக்கு விற்கும் தேவை வரும்போதும் அதே ஆளில்லாமை நம்மை எதிர்கொள்ளும். மலிவாக வாங்க முடிந்த வீடு விரைவாக விற்க முடியாத வீடாகவும் இருக்கும் என்பது மறக்கற்பாலதன்று.

துணிந்தபின் எண்ணுவோம் என்பது இழுக்கு என்பதும் இவ்வதிகாரத்தின் கூற்று. முன்பணம் கொடுத்துவிட்டுப் பத்திரம் பார்ப்போர் செய்வது அதுவே. மந்த காலத்தில் விற்க வருவோருள் பலர் கடனால் நெருக்குண்டவர்கள். ஆதலின் மற்றக் காலத்தினும் இக்காலத்தில் ஆவணங்களை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று, தொடர்பு அறுபடாத தாய்ப் பத்திரங்கள், பட்டா, நில அளவை வரைபடம் ஆகியன இன்றியமையாதவை. மூலப் பத்திரத்தைக் காட்டாமல் நகலை மட்டுமே காட்டினால், மூலம் எங்கோ ஈடாக இருக்கலாம் என ஐயுறுதல் தகும். வெளிநாட்டில் இருப்பவரின் அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு மற்றொருவர் விற்பாராயின், அதிகாரம் தந்தவர் உயிரோடு உள்ளாரா என உறுதிசெய்ய வேண்டும். அவர் இறந்ததும் அவ்வதிகாரம் பொதுவாக முடிந்துவிடும். பொது அதிகாரப் பத்திரம் மட்டுமே கொண்டு சொத்துரிமை கைமாறாது என உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

முஸ்லிம் குடும்பங்களின் சொத்தில் சிறப்பாக நோக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தந்தை மறைந்த அப்பொழுதே மனைவி, மகன், மகள் ஒவ்வொருவருக்கும் தத்தம் பங்கு சேர்ந்துவிடுகிறது. மக்கள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மகளுக்கு மகன் பெறுவதில் பாதி. மணமாகி வேற்றூர் சென்ற சகோதரியின் கையொப்பம் இல்லாத கிரயம் அவள் பங்கைக் கட்டுப்படுத்தாது. மற்றொன்று, விதவைத் தாய் தன் சிறு பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து விற்பது. முஸ்லிம் சட்டப்படி தாய், பிள்ளைகளின் சொத்துக்குச் சட்டமுறைப் பாதுகாவலர் அல்லர். நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவர் செய்யும் விற்பனை செல்லாது என 1918-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இவை கல்லூரி மாணவர்கள் தம் பெற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டிய செய்திகளாகும்.

2. வலியறிதல்

வினையின் வலி, தன் வலி, எதிரியின் வலி, இருபுறத்தார்க்கும் துணையாவோரின் வலி என நால்வகை வலியையும் தூக்கிப் பார்த்துச் செயல்பட வேண்டும் என்பர் வள்ளுவர். வீடு வாங்கும் வினையில் இந்நான்கும் எவை?

வினை வலி என்பது வீட்டின் விலையும் அதனோடு வரும் செலவுகளும். அதை மேலே கண்டோம்.

தன் வலி என்பது சேமிப்பும் வருவாயும். இவற்றுள் வருவாயின் அளவினும் அதன் நிலைப்பே முதன்மையானது. இக்கடற்கரையில் வருவாய் அறுபடும் வாயில்கள் பல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை உண்டு. 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. உப்புத்தண்ணி, நல்லதண்ணி, புலுவினிச்சல்லி ஆகிய தீவுகள் அடங்கிய தொகுதிக்கு வேம்பார்த் தொகுதி என்றே பெயர். 2001-இல் கடல் அட்டை பிடித்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டபோது, மூழ்கித் தொழில் செய்தோரின் வருவாய் வழி ஒன்று ஒரே நாளில் அடைபட்டது. கடலின் வளத்தைக் காக்க அத்தடைகள் தேவை என்பதை மறுப்பதற்கில்லை; ஆயினும் மாதத் தவணையை ஏற்றுக்கொண்ட குடும்பத்திற்குத் தடைக்காலம் என்று விலக்கு இல்லை. ஆதலின் இங்குள்ளோர், ஆண்டில் பத்துத் திங்கள் வருவாயைக் கொண்டு பன்னிரண்டு திங்கள் தவணையைக் கட்ட இயலுமா என்று கணக்கிடுதல் வேண்டும்.

வருவாய் வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது இவ்வதிகாரத்தின் புகழ்பெற்ற கருத்து. மயிலிறகேயாயினும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது மற்றொன்று. மாதத் தவணை என்பது அம்மயிலிறகைப் போன்றதே. ஒவ்வொரு தவணையும் இலேசாகத் தோன்றும். 240 தவணை சேர்ந்தால் அச்சு முறியும்.

எதிரியின் வலி என்று ஈண்டு கொள்ளத்தக்கது வட்டி. 10 இலட்சம் ரூபாய்க் கடனை 20 ஆண்டில், 7 விழுக்காடு வட்டியில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 7,753 ரூபாய். அதே கடனுக்கு வட்டி 9 விழுக்காடானால் தவணை ஏறத்தாழ 8,997 ரூபாய். மொத்தம் கட்டும் தொகை 21 இலட்சத்து 59 ஆயிரத்தை எட்டும். மந்த காலத்தில் வட்டி குறையும் என்பது உண்மையே. 2008 ஜூலையில் 9 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், உலக நிதி நெருக்கடிக்குப் பின் 2009 ஏப்ரலில் 4.75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெருந்தொற்றின்போது 2020 மே மாதத்தில் அது 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. அக்காலத்தில் பலர் வீட்டுக் கடன் பெற்றனர். ஆனால் 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் அவ்விகிதம் 6.5 விழுக்காடாக உயர்ந்தது. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் இத்தகைய வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருந்ததால், ஏற்றம் உடனே கடனாளியின் தலையில் இறங்கியது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பும் அச்சமும் தோன்றும். 7 விழுக்காட்டில் தொடங்கிய அந்த 10 இலட்சம் ரூபாய்க் கடனின் வட்டி தொடக்கத்திலேயே 9 விழுக்காடாகி, தவணை மட்டும் 7,753 ரூபாயாகவே நீடித்தால், அக்கடன் அடைய 20 ஆண்டு போதாது. ஏறத்தாழ 38 ஆண்டு ஆகும்! ஏனெனில் அத்தவணையில் முதல் மாதத்தில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய்விட, முதலில் கழிவது 253 ரூபாய் மட்டுமே. ‘தவணை ஏறவில்லை’ என்று மகிழ்ந்திருப்போர் ஆண்டுகள் ஏறியதை அறிவதில்லை. இக்குறையை நோக்கியே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில், வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்னும் தெரிவைக் கடனாளிக்குத் தர வேண்டும் என வங்கிகளைப் பணித்தது. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்னதாக அடைக்கும் தனிநபரிடம் அபராதம் பெறலாகாது என்பது 2012 முதல் உள்ள விதி. இவ்விரண்டையும் அறிந்தோர் மிகச் சிலரே.

தவணை ஒத்திவைப்பும் இலவசமன்று. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளை நிறுத்திவைக்க இசைவு தரப்பட்டது. வட்டி மட்டும் நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி வசூலிக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது; ஆயினும் எளிய வட்டி கட்டியே தீர வேண்டியதாயிற்று. தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்புத் தந்து, நீதிமன்ற வழக்கின்றியே வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம்.

துணை வலி என்பது சுற்றமும் சமுதாயமும். இதனைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

3. வட்டியும் துணை வலியும்

வட்டி விலக்கப்பட்டது என்பது முஸ்லிம்களின் அடிப்படை நம்பிக்கை. ஆயினும் வீடின்றி வாழ இயலாது. இந்நிலையில் கற்றவரும் கல்லாதவரும் உள்ளத்தில் படும் பாடு பெரிது. அதை மேடையில் பேசுவோர் சிலரே. மார்க்கத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையாளரின் வேலையன்று. அது ஆலிம்களின் கடமை. பொருளியல் நோக்கில் ஒன்றைக் கூறலாம்.

கடனுக்கும் கூட்டுக்கும் உள்ள வேறுபாடு மந்த காலத்தில்தான் நன்கு விளங்கும். 15 இலட்சம் ரூபாய் வீட்டைக் கடனால் வாங்கியபின் அதன் விலை 10 இலட்சமாக வீழ்ந்தால், 5 இலட்ச ரூபாய் இழப்பு முழுதும் கடனாளியையே சாரும். கடன் கொடுத்தவரின் கணக்கில் ஒரு ரூபாயும் குறையாது. அமெரிக்காவில் 2006-க்குப் பின் வீட்டு விலை நாடளாவிய நிலையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தபோது, வீட்டின் மதிப்பினும் கடன் மிகுந்துபோன குடும்பங்கள் பல இலட்சம். கூட்டு முறையிலோ, பணம் தருபவரும் வாங்குபவரும் பங்காளிகள். வாங்குபவர் குடியிருந்து, மற்றவரின் பங்குக்கு வாடகை தந்து, அப்பங்கைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்கி இறுதியில் முழு உரிமையாளர் ஆகிறார். குறைந்துவரும் கூட்டு எனப்படும் இம்முறையில், நேர்மையாக நடத்தினால், விலை வீழ்ச்சியின் சுமை இருவர் தோளிலும் அமையும். வட்டியை விலக்கியதன் உட்பொருள் இச்சுமைப் பகிர்விலேயே உள்ளது எனலாம்.

மலேசியாவில் 1983-இல் தொடங்கிய இசுலாமிய வங்கி முறை வீட்டு நிதியைப் பரவலாக்கியது. பிரித்தானியாவில் இத்தகைய ஏற்பாட்டில் வீடு இருமுறை கைமாறுவதால் முத்திரைத் தீர்வையும் இருமுறை விழுந்தது. 2003-இல் அந்நாட்டு நிதிச் சட்டம் அவ்விரட்டைத் தீர்வையை நீக்கியது. இலங்கையில் அமானா வங்கி 2011 முதல் செயல்படுகிறது. இந்தியாவில் 2008-இல் இரகுராம் இராசன் குழு வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. எனினும் அத்திட்டத்தை மேற்கொண்டு தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவுசெய்தது 2017-இல் வெளியாயிற்று.

வங்கி இல்லாத இடத்தில் துணை வலியே வழி. முதலில் மனை, பின்னர் அடித்தளம், பின்னர் சுவர் எனக் கையிருப்புக்கேற்பப் படிப்படியாகக் கட்டுதல் நம் முன்னோர் கண்ட வழி. அதில் காலம் நீளும். ஆனால் தொழில் முடங்கிய ஆண்டில் கட்டடம் காத்திருக்கும், வட்டி காத்திருக்காது. மந்த காலத்தில் கொத்தனார்க்கும் தச்சர்க்கும் வேலை குறைந்திருப்பதால், அவ்வாண்டில் வேலை தருவது அவர்களுக்கும் உதவியாகும். உறவினர் இருவர் கூட்டாக வாங்குதலும் கூடும். பங்கை எழுத்தில் வரையறுத்துப் பதிவுசெய்தல் அவசியம். கடனைக் காலக்கெடு குறித்து எழுதிச் சாட்சிகள் வைக்க வேண்டும் எனத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் விரிவாகப் பணிக்கிறது. ‘உடன்பிறந்தவரிடம் எழுத்து எதற்கு?’ என்று விட்ட கடன்களே நம் ஊர்களில் உடன்பிறப்பைப் பிரித்த கடன்கள்.

ஜமாஅத்துகள் திருமண மண்டபம் எழுப்பும் ஊக்கத்தில் ஒரு பகுதியை, வட்டியில்லா வீட்டுக் கடன் நிதி ஒன்றை அமைப்பதில் செலுத்தலாகாதா? பெரியோர் சிந்திக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் மணமாகும் மகளுக்கு வீடு தரும் வழக்கம் உண்டு. பெண்ணின் பாதுகாப்பைக் கருதி எழுந்த நல்வழக்கம் அது. ஆனால் அதன் சுமை, வளைகுடாவில் உழைக்கும் சகோதரனின் தோளில் விழுகிறது. ஊருக்குள்ளேயே வீடு வேண்டும் என்று அனைவரும் முனைவதால், மந்தத்திலும் அவ்வூர்களின் மனை விலை எளிதில் இறங்குவதில்லை. ஒரு சகோதரிக்கு ஒரு வீடு என்னும் கணக்கில் இளமை முழுதையும் அயல்நாட்டில் கழித்தவர் எத்தனை பேர்! வழக்கம் நிலைக்க வேண்டுமாயின் வீட்டின் அளவு சுருங்க வேண்டும்; ஆடம்பரம் குறைய வேண்டும்.

4. காலமறிதல்

பகற்பொழுதில் காக்கை தன்னினும் வலிய கூகையை வெல்லும் என்றும், கூம்பும் பருவத்தில் கொக்கைப் போல் ஒடுங்கியிருந்து வாய்த்தபோது விரைந்து செயல்பட வேண்டும் என்றும் வள்ளுவர் காலத்தின் சிறப்பை விளக்குகிறார். மந்த காலம் யாருக்குப் பகல், யாருக்கு இரவு?

கையில் சேமிப்பும், மந்தத்தால் தாக்குறாத வருவாயும் உடையவர்க்கு அது பகல். அரசுப் பணியாளர், ஓய்வூதியர், தம் தொழில் வேறோர் ஊரின் சந்தையைச் சார்ந்திருப்போர் ஆகியோர் இவ்வகையினர். வீடு வாங்கியபின்னும் ஓராண்டுக் குடும்பச் செலவுக்குப் பணம் எஞ்சுமாயின் அவர்கள் துணியலாம். மந்தத்திற்குக் காரணமான அதே தொழிலில் வருவாய் ஈட்டுவோர்க்கு அது இரவு. அவர்கள் கூகையோடு இரவில் பொரும் காக்கை ஆகலாகாது.

வளைகுடா சென்ற நம்மவரின் வரலாறு இதற்குச் சான்று. 1990 ஆகஸ்டில் குவைத்து ஆக்கிரமிக்கப்பட்டபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர் விமானங்களில் மீட்கப்பட்டனர். பலர் உடுத்த உடையோடு ஊர் திரும்பினர். 2008 செப்டம்பரில் லேமன் நிறுவனம் வீழ்ந்தபின் துபாயில் கட்டுமானங்கள் நின்றன. வீட்டு விலை ஏறக்குறைய பாதியாயிற்று. 2014-இல் பீப்பாய் ஒன்று நூறு டாலருக்கும் மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் முப்பது டாலருக்கும் கீழே இறங்கியது. 2020 மே முதல் வந்தே பாரத் விமானங்களில் வேலையிழந்தோர் வந்திறங்கினர். இத்தகைய அதிர்ச்சி மீண்டும் மீண்டும் வந்துள்ளது. இருபது ஆண்டுத் தவணையை ஏற்போர், அக்காலத்துள் இரண்டு மூன்று மந்தங்களைக் கடக்க நேரும் என்று எண்ணியே கையொப்பமிட வேண்டும்.

ஒரு வியப்பும் இங்கே குறிக்கத்தக்கது. எண்ணெய்க்கு முன் வளைகுடாவும் முத்துக்குளித்தே வாழ்ந்தது. யப்பானிய வளர்ப்பு முத்தும் 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தமும் சேர்ந்து அத்தொழிலை அழித்தன. கடன்பட்டே கடலுக்குச் சென்ற மூழ்குவோர் அங்கும் கடனோடே கரையேறினர். முத்துக் கடலின் இரு கரைகளும் ஒரே பாடத்தையே கற்றுள்ளன.

5. இடனறிதல்

பெரிய சக்கரங்களையுடைய தேர் கடலில் ஓடாது. கடலோடும் கப்பல் நிலத்தில் ஓடாது என்பது இடனறிதலில் வரும் கருத்து. வேம்பார் மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

கடற்கரையில் வீடு வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள். 1991 பிப்ரவரியில் முதலில் அறிவிக்கப்பட்டு, 2011-லும் 2019-லும் திருத்தி அமைக்கப்பட்ட இவ்விதிகள், உயர் அலைக் கோட்டிலிருந்து குறித்த தொலைவுவரை புதிய கட்டடத்தைத் தடுக்கின்றன. மலிவாகக் கிடைக்கும் கடலோர மனை, கட்ட இயலாத மனையாகவும் இருக்கலாம். கடலும் எல்லை மீறும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. புறம்போக்கு நிலமும், வக்ஃபு, கோயில் நிலங்களும் விற்பனைக்குரியன அல்ல. அவற்றின் பதிவைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறது. வக்ஃபு நிலத்தில் தலைமுறைகளாகக் குடியிருப்போர், கட்டடத்தை விற்பதாகக் கூறி நிலத்தையும் சேர்த்து விலை பேசுவதுண்டு. விழிப்பு வேண்டும்.

வேலேந்திய வீரரையும் கோத்த கொம்புடைய யானை, கால் அமிழும் சேற்றில் நரிக்கு இரையாகும் என்பது இவ்வதிகாரத்தின் முடிவு. தமிழர் வரலாற்றில் இதற்குப் பேரெடுத்துக்காட்டு பர்மா. பெருமந்தத்தில் நெல் விலை வீழ, நகரத்தார் வட்டிக்கடைகளில் கடன்பட்ட உழவர் நிலத்தையே தந்து கடன் தீர்த்தனர். கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் நிலத்தில் 6 விழுக்காடு நகரத்தாரிடம் இருந்தது; 1938-இல் அது 25 விழுக்காடாயிற்று. மந்தத்தில் மலிவாக வந்த நிலம் அது. ஆனால் அவர்கள் வேண்டியது பணம். கிடைத்ததோ விற்க இயலாத மண். 1942-இல் யப்பானியர் படையெடுப்பில் பலர் கால்நடையாகத் தாயகம் திரும்பினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. மண்ணுக்குரிய மக்களின் துயரத்தின் மேல் வந்த உடைமை நிலைக்கவில்லை.

தாயகத்திலும் அப்பெருமந்தம் உழவரைக் கடனில் ஆழ்த்தியது. 1938-இல் இராசாசி அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றி, பழங்கடன்களின் நிலுவை வட்டியைத் தள்ளியது. முதலைப்போல் இருமடங்கு கட்டியவரின் கடன் தீர்ந்ததாக அறிவித்தது. மந்தத்தின் சுமையைக் கடனாளி ஒருவனே சுமக்கலாகாது என்பதை அன்றைய அரசும் உணர்ந்தது.

6. விற்பவன் முகம்

இதுகாறும் வாங்குவோரை நோக்கினோம். மந்த காலத்தில் மலிவு விலைக்கு மறுபக்கம் ஒரு மனிதன் நிற்கிறான். படகு முடங்கியவன், மருத்துவச் செலவால் நொந்தவன், மகள் திருமணக் கடனால் நெருக்குண்டவன். நெருக்கடியில் விற்பவனிடம் வாங்குதலைப் பற்றி இசுலாமியச் சட்ட அறிஞர் தனியே ஆராய்ந்துள்ளனர். இடர்ப்பட்ட கடனாளிக்கு வசதி வரும்வரை காலம் தர வேண்டும் என்பதும், தள்ளுபடி செய்வது இன்னும் சிறந்தது என்பதும் திருமறை கற்பிக்கும் நெறி. பங்காளிக்கும் அண்டை வீட்டாருக்கும் முதலில் வாங்கும் வாய்ப்பளிக்கும் ‘ஷுஃப்ஆ’ என்னும் முறையும் உண்டு. 1870-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை இங்குச் சட்டமாக ஏற்கவில்லை; ஆயினும் அறமாக ஏற்க நமக்குத் தடையில்லை.

நடைமுறையில் இதன் பொருள் யாது? விற்பவர் குடும்பம் வேறிடம் தேடச் சில திங்கள் அதே வீட்டில் இருக்க இசைதல். ஊரார் மதிக்கும் இருவரைக் கொண்டு நியாய விலை பேசுதல். வீட்டை இழக்காமல் ஒரு கைமாற்றுக் கடனால் அவர் மீள முடியுமாயின் அதை முதலில் எண்ணிப் பார்த்தல். இவற்றால் வாங்குபவர்க்குச் சிறிது பொருள் குறையலாம். ஆனால் ஒரே பள்ளிவாசலில், ஒரே சந்தையில், ஒரே துறையில் வாழ்நாள் முழுதும் முகம் பார்க்க வேண்டியவர் அவர். அம்முகத்தை எதிர்கொள்ளக் கூசும் வீட்டில் எவ்வாறு உறங்குவது?

முடிவுரை

மந்த காலத்தில் வீடு வாங்கலாமா என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை என்பது இவ்வாய்வால் விளங்கும். இழப்பையும் ஆக்கத்தையும் பின்வரும் பயனையும் எழுதிப் பார்த்து, ஆவணம் தெளிந்து, தவணையின் மயிலிறகுச் சுமையை அளந்து, தன் வருவாய்க்கு அது பகலா இரவா என உணர்ந்து, மண்ணின் இயல்பறிந்து, விற்பவன் முகத்தையும் நோக்கியபின் துணிவோர்க்கு மந்தமும் நல்வாய்ப்பே. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வாடகை வீட்டில் இன்னும் சில ஆண்டு இருப்பது இழுக்கன்று. கொக்கின் பொறுமையும் வினைத்திறமே.

முத்தெடுக்க மூழ்குபவன் எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதைத் தன் மூச்சைக் கொண்டே முடிவுசெய்கிறான். அடியில் கிடக்கும் சிப்பியைக் கொண்டு முடிவுசெய்வதில்லை. வேம்பார்க் கரையின் அம்மூதறிவை மாணவர்கள் தம் வாழ்வில் கைக்கொள்வார்களாக. உழைத்துச் சேர்த்த பொருளில், பிறர் கண்ணீர் கலவாத இல்லத்தை எல்லார்க்கும் அருள வல்ல இறைவன் துணைநிற்பானாக.